பல்வேரின் உள்வழிகளும் மக்கட் கூட்டங்களும்

பல் போனாற் சொல் போகும் என்பது நம்மவர் வழக்கு. சொல்லுக்குத் துணையாய் நிற்கும் அப்பல்லைப் பற்றி நாம் அறிந்து வைத்திருப்பதெல்லாம் பெரும்பாலும் அதன் வெளித்தோற்றமே. முத்து என்றும் முல்லையரும்பு என்றும் புலவர் பாராட்டியது முரசுக்கு மேலே தோன்றும் முடியை மாத்திரமே. முரசுக்குக் கீழே தாடையெலும்பினுட் புதைந்து கிடக்கும் வேரையும், அவ்வேரினூடே செல்லும் நுண்ணிய வழியையும் பாடுவார் இலர். ஆயினும் ஒரு பல் வாழ்வதும் மாள்வதும் மறைந்து கிடக்கும் அவ்வழியையே பெரிதும் பொறுத்துள்ளன. அவ்வழி எல்லா மனிதரிடத்தும் ஒரே வகையாய் அமைந்துள்ளதா, அன்றி மக்கட் கூட்டத்துக்கு மக்கட் கூட்டம் வேறுபடுகின்றதா என்னும் வினா பல் வைத்தியருக்கும் உரியது. மனித வரலாற்றை ஆராய்வோருக்கும் உரியது. அதனை ஈண்டுச் சற்று விரிவாக நோக்குவாம்.

முதற்கண் பல்லின் அமைப்பைச் சுருங்கக் கூறுவது வேண்டும். பல்லின் முடியை மூடியிருப்பது மிளிரி. உடலிலுள்ள பொருள்கள் யாவற்றிலும் வன்மை மிக்கது அதுவே. அதனுள்ளே பல்லின் பெரும்பகுதியாய் அமைவது பன்முதல். பன்முதலின் நடுவே ஒரு வெற்றிடம் உண்டு. அதில் குருதிக் கலன்களும் நரம்புகளும் மென்மையான இழையமும் நிறைந்துள்ளன. இதனையே பன்மச்சை என்கின்றோம். முடியினுள் இவ்விடம் ஓர் அறை போல அகன்றும், வேரினுட் செல்லுந்தோறும் ஒடுங்கியும், வேர்நுனியில் மிகச் சிறிய துளையாயும் முடிகின்றது. ஒடுங்கிய அப்பகுதிக்கே வேர்க்கால்வாய் என்பது பெயர். இப்பெயர் பொருத்தமானதன்று என்பது எமது கருத்து. கால்வாய் என்றவுடன் இரு கரை வகுத்து நேரே வெட்டிய நீர்வழி ஒன்று மனக்கண்ணிற் றோன்றும். உண்மையில் இவ்வழி பிரியும், கூடும், மீண்டும் பிரியும், பக்கங்களிற் கிளைவிடும், ஒரு கிளைக்கும் மறு கிளைக்கும் இடையே மெல்லிய தகடு போலப் பரந்தும் கிடக்கும். மாரிகாலத்து வெள்ளம் மணற்றரையில் தானாக வகுத்துக்கொண்ட வழியே இதற்குத் தக்க உவமை.

இவ்வழியின் வடிவை அறிவதால் வரும் பயன் யாது எனின், கூறுதும். சொத்தை ஆழ்ந்து மச்சையைத் தொட்டவிடத்துப் பற்றீரியாக்கள் உள்ளே புகுந்து மச்சையை அழிக்கின்றன. பின்னர் வேர்நுனியைச் சூழ்ந்த எலும்பையும் பற்றுகின்றன. இந்நோய்க்குப் பற்றீரியாக்களே காரணம் என்பதை 1965 ஆம் ஆண்டில் ககெஹாஷி என்பாரும் அவருடன் உழைத்தோரும் ஐயமற நிலைநாட்டினர். அவர்கள் கிருமிகள் அற்ற சூழலில் வளர்ந்த எலிகள் சிலவற்றின் மச்சையையும், சாதாரணமாய் வளர்ந்த எலிகள் சிலவற்றின் மச்சையையும் ஒரே வகையாகத் திறந்து விட்டனர். பின்னவற்றின் மச்சை அழுகி இறந்தது. முன்னவற்றின் மச்சையோ தானே குணமடைந்து, மேலே புதிய பன்முதலையும் ஆக்கிக்கொண்டது. ஆகவே நோயுற்ற பல்லைப் பிடுங்காது காக்க விரும்பும் வைத்தியர், அதன் வழிகள் எல்லாவற்றையும் கண்டு துப்புரவாக்கி அடைத்தல் வேண்டும். மூன்று வழி உள்ள பல்லில் இரண்டைத் துப்புரவாக்கி ஒன்றை விட்டால், விட்ட அவ்வழியிலே பற்றீரியாக்கள் குடியிருந்து, மாதங்கள் சென்றோ ஆண்டுகள் சென்றோ மீண்டும் வீக்கத்தையும் நோவையும் விளைவிக்கும். வைத்தியர் தேடாத வழியொன்று அங்கே இருந்தது என்பதைப் பல்லைப் பிடுங்கிய பின்னரே அறிந்த நிகழ்ச்சிகள் பல.

வழிகளின் உண்மை வடிவை உலகுக்கு முதன்முதல் விளங்கக் காட்டியோருள் சுவிற்சர்லாந்து நாட்டின் சூரிச் நகரத்து வோல்ற்றர் ஹெஸ் தலைசிறந்தவர். அவரது ஆராய்ச்சி 1917 இல் ஜெர்மன் மொழியிலும், 1925 இல் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. அவர் கையாண்ட முறை எளிது, ஆனால் வியக்கத்தக்கது. பிடுங்கிய பற்களின் உள்ளே இறப்பரைச் செலுத்தி இறுகச் செய்து, பின்னர் பல்லை அமிலத்திற் கரைத்தார். பல் மறைந்தது, அதன் உள்வெளியின் வார்ப்பு மாத்திரம் எஞ்சியது. அவ்வார்ப்புகளைக் கண்டோர் திகைத்தனர். ஒரு வேருக்கு ஒரு குழாய் என எண்ணியிருந்தவர்களுக்கு, மரக்கிளையையும் கடற்பஞ்சையும் ஒத்த வடிவங்கள் கிடைத்தன.

பின்னர் 1969 இல் வெயின் என்பவரும், 1984 இல் புளோரிடாவைச் சேர்ந்த வெற்றூச்சி என்பவரும் இவ்வடிவங்களை வகைப்படுத்தினர். வெற்றூச்சி 2,400 பற்களைச் சுண்ணம் நீக்கிப் பளிங்கு போலத் தெளியச் செய்து, உள்ளே சாயமூட்டி நோக்கி, எட்டு வகைகளை வகுத்தார். அறையிலிருந்து நுனிவரை ஒரே வழியாய்ச் செல்வது முதலாம் வகை. இரண்டாய்ப் புறப்பட்டு ஒன்றாய் முடிவது இரண்டாம் வகை. மூன்று தனித்தனி வழிகளாய்ச் செல்வது எட்டாம் வகை. ஏனையவற்றை இங்கு விரித்தல் மிகை. இவ்வெட்டு வகைகளும் உலகெங்கும் பாடநூல்களிற் புகுந்தன. ஆயினும் 2001 இல் பர்மிய மக்களின் பற்களையும், 2002 இல் தாய்லாந்து மக்களின் பற்களையும் குலாபிவாலா முதலியோர் ஆராய்ந்தபோது, அவ்வெட்டில் அடங்காத வேறு வகைகளும் வெளிப்பட்டன. ஓரிடத்துப் பற்களைக் கொண்டு வகுத்த பட்டியல் பிறிதோரிடத்திற் போதாதாயிற்று. நமது பொருள் இங்கேதான் தொடங்குகின்றது.

வேறுபாடுகளுள் மிகத் தெளிவானவை இரண்டு. அவற்றுள் ஒன்று கீழ்த்தாடையின் இரண்டாங் கடைவாய்ப்பல்லிற் காணப்படுவது. இப்பல்லுக்கு வழக்கமாக முன்னும் பின்னுமாக இரண்டு வேர்கள் உண்டு. சிலரிடத்து இவ்விரு வேர்களும் ஒரு பக்கத்தில் மாத்திரம் ஒட்டி, மறுபக்கத்தில் ஒட்டாது, நடுவே நீண்ட பள்ளம் ஒன்றை உடையனவாய் அமைகின்றன. அப்பொழுது உள்வழிகள் தனித்தனித் துளைகளாய் இராமல், பிறை போல வளைந்த ஒரே பிளவாய்க் காட்சியளிக்கும். 1979 இல் குக், கொக்ஸ் என்னும் இருவர் இதனைப் பல் வைத்திய நூல்களில் முதன்முதல் விவரித்தனர். ஆங்கில நெடுங்கணக்கின் மூன்றாம் எழுத்தின் வடிவென அவர்கள் கூறினர். நாம் பிறைவழி என வழங்குவோம்.

இது தோன்றுமாற்றை அறிய வேண்டுமாயின், வேர் வளரும் முறையை அறிதல் வேண்டும். பல்லின் முடி உருவாகிய பின்னர், அதன் அடிவிளிம்பிலிருந்து மேலணிக் கலங்களாலான மெல்லிய உறை ஒன்று கீழ்நோக்கி வளர்கின்றது. கண்டறிந்தவர் பெயரால் அது ஹெற்விக் உறை எனப்படும். அவ்வுறையின் விளிம்பிலிருந்து நாக்குப் போன்ற மடிப்புகள் உள்நோக்கி வளர்ந்து தம்முட் கூடும். இரண்டு மடிப்புகள் கூடினால் இரண்டு வேர்கள். மூன்று கூடினால் மூன்று வேர்கள். நாவின் பக்கமாகவோ கன்னத்தின் பக்கமாகவோ மடிப்பு வளராது நின்றுவிடின், வேர்கள் பிரியாது ஒட்டியே நிற்கும், பிறைவழியும் தோன்றும். பனங்காய்க்குப் பெரும்பாலும் மூன்று கண். எனினும் இரண்டு கண்ணுடையதும் ஒற்றைக் கண்ணுடையதும் ஒரே மரத்திற் கிடைப்பதை நுங்கு குடித்தோர் அறிவர். அஃதொப்ப, வேர்களின் தொகையும் வளர்ச்சியின் ஒரு சிறு படியிலே முடிவாகின்றது. பனங்காயினின்றும் பல் வேறுபடுவது, அம்முடிவிற் பரம்பரை பெரும் பங்கு கொள்ளுகின்றது என்பதில்.

பிறைவழியின் பரம்பலை 2017 இல் வெளிவந்த ஓர் ஆய்வு ஒரே முறையில் ஒன்பது நாடுகளில் அளந்தது. சீனாவில் ஆராய்ந்த கீழ் இரண்டாங் கடைவாய்ப்பற்களுள் நூற்றுக்கு 44 இவ்வடிவின. பிரேசிலில் நூற்றுக்கு 6.8 மாத்திரமே. பெண்களிடத்து ஆண்களிலும் மிகுதியாய்க் காணப்பட்டமையும் அவ்வாய்விற் பெறப்பட்ட உண்மை. கொரியாவிலும் இத்தகைய மிகுதி முன்னரே அறியப்பட்டதாகும். ஐரோப்பியரிடத்து நூற்றுக்குப் பத்துக்கும் குறைவு என்பதே பெரும்பாலான ஆய்வுகளின் முடிபு. ஆகவே பெய்ஜிங் நகரத்துப் பல் வைத்தியருக்கு நாளாந்தம் எதிர்ப்படும் ஒன்று, இலண்டன் நகரத்து வைத்தியருக்கு அரிய காட்சி. பிறைவழியின் பள்ளத்தருகே பன்முதற்சுவர் மிக மெலிந்திருக்கும். அதனை அறியாது அரத்தை அழுத்திச் செலுத்துவோர் வேரைத் துளைத்துவிடுவர். துளைபட்ட வேரைக் காத்தல் அரிது.

மற்றையது கீழ்த்தாடையின் முதற் கடைவாய்ப்பல்லிற் காணப்படுவது. ஆறு வயதளவில் முளைக்கும் இப்பல்லுக்கும் வழக்கமான வேர்கள் இரண்டே. சிலரிடத்து, பின்வேருக்கு அருகே நாவின் பக்கமாகச் சிறிய மூன்றாம் வேர் ஒன்று தோன்றும். வியன்னா நகரத்துக் கரபெல்லி என்பாரின் 1844 ஆம் ஆண்டு நூலிலேயே இது குறிக்கப்பட்டுள்ளது. ஐரோப்பியருள் இது நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. தாய்வானில் 2007 இல் வெளிவந்த ஆய்வொன்றில் நூற்றுக்கு 21 பற்கள் இத்தகையன. வட ஆர்க்டிக் பகுதியின் மக்களிடத்து இதனினும் மிகுதி. இவ்வேர் குறுகியது, நுனியிற் கன்னத்தின் பக்கமாக வளைவது, சாதாரண எக்ஸ் கதிர்ப் படத்தில் பின்வேரின் நிழலுள் மறைந்துவிடுவது. படமெடுக்கும் கோணத்தைச் சற்றே மாற்றி மற்றுமொரு படம் எடுத்தாலன்றி அதன் இருப்புத் தெரியவராது.

இம்மூன்றாம் வேர் வைத்தியசாலையை விட்டு வரலாற்றினுட் புகுந்த கதை சுவையானது. அமெரிக்க மானிடவியலாளர் கிறிஸ்ரி ரேணர் 1971 இல், அமெரிக்கக் கண்டத்துப் பழங்குடிகள் எங்கிருந்து வந்தனர் என்னும் வினாவுக்கு இவ்வேரைச் சான்றாகக் கொண்டார். அலூசியத் தீவினரிடத்தும் எஸ்கிமோவர் என அக்காலத்து அழைக்கப்பட்ட மக்களிடத்தும் அது மிக்கிருந்தது. தெற்கே உள்ள பெரும்பாலான பழங்குடிகளிடத்துக் குறைந்திருந்தது. நவஹோ முதலியோர் இடைநின்றனர். இதனையும் பிற பற்குறிகளையும் மொழியாராய்ச்சியையும் இணைத்து, ஆசியாவிலிருந்து மூன்று முறை மக்கள் பெயர்ந்து வந்தனர் என்னும் கொள்கையை 1986 இல் ரேணரும் வேறிருவரும் வெளியிட்டனர். அது கடுமையாக மறுக்கவும் பட்டது. 2012 இல் வெளிவந்த பரம்பரையலகு ஆராய்ச்சியோ, ஆசியாவிலிருந்து குறைந்தது மூன்று ஓட்டங்கள் நிகழ்ந்தன என்றும், ஆயினும் பெரும்பாலான பழங்குடிகள் முதல் ஓட்டத்தின் வழிவந்தவரே என்றும் கண்டது. ரேணர் கூறிய யாவும் நிலைபெற்றன அல்ல. எனினும் பல்வேர் சொன்ன சான்று முற்றும் பொய்யாயிற்று எனவும் கூறுதற்கில்லை.

இன்னும் பழைய காலத்துக்கும் இவ்வாராய்ச்சி சென்றுள்ளது. குரோசியா நாட்டுக் கிராப்பினாக் குகையில் 1899 முதல் அகழ்ந்தெடுத்த நியண்டதால் மனிதரின் கடைவாய்ப்பற்களில், மச்சையறை மிக ஆழ்ந்தும் வேர்கள் மிகக் கீழே பிரிந்தும் கிடந்தன. அசைபோடும் விலங்கின் பல்லை ஒத்தமையால், 1913 இல் ஆதர் கீத் அதனை எருத்துப்பல் அமைப்பு எனப் பொருள்படப் பெயரிட்டார். அண்மையில், திபெத்திய மேட்டு நிலத்துக் குகையொன்றில் 1980 இல் ஒரு துறவி கண்டெடுத்த தாடையெலும்பு, குறைந்தது 160,000 ஆண்டு பழமையான டெனிசோவ மனிதருடையது என 2019 இல் அறிவிக்கப்பட்டது. அதன் இரண்டாங் கடைவாய்ப்பல்லில் மூன்று வேர்கள் உள. அதைக் கொண்டு, இன்றைய ஆசியரின் மூன்றாம் வேர் டெனிசோவரிடமிருந்து கலப்பினால் வந்தது என அவ்வாண்டிலேயே சிலர் எழுதினர். உடனே வேறு சிலர், இன்றைய ஆசியரிடத்து அவ்வேர் தோன்றுவது முதற் கடைவாய்ப்பல்லில் என்றும், இரண்டின் தன்மையும் ஒன்றல்ல என்றும் மறுத்தனர். மறுப்போர் பக்கமே வலியுடையது என நமக்குத் தோன்றுகின்றது. ஒரு தாடையைக் கொண்டு ஒரு கண்டத்து மக்களின் வழிமுறையை வரைதல் துணிவுடைய செயலாகும்.

ஆபிரிக்க வழியினரிடத்துக் காணப்படும் வேறுபாடு முன்கடைவாய்ப்பல் பற்றியது. 1986 இல் அமெரிக்காவில் துரோப் முதலியோர் நடத்திய ஆய்வில், கீழ் முதல் முன்கடைவாய்ப்பல்லில் ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் கறுப்பினத்தவரிடத்து நூற்றுக்கு 32.8 ஆகவும் வெள்ளையரிடத்து நூற்றுக்கு 13.7 ஆகவும் இருந்தன. ஒரே ஊரில் ஒரே முறையில் எடுத்த எக்ஸ் கதிர்ப் படங்களை ஒப்பிட்டமையால் இவ்வாய்வு மதிப்புடையது. ஒற்றை வழிதான் என எண்ணித் தொடங்கும் வைத்தியர், தம்மிடம் வரும் கறுப்பின நோயாளருள் மூவரில் ஒருவரிடத்துத் தவறுவதற்கு இடமுண்டு என்பது அதன் பொருள். அங்குள்ள பாடநூல்கள் எவருடைய பற்களைப் பொது என வைத்து எழுதப்பட்டன என்னும் வினாவும் உடனெழுகின்றது.

இனி, எண்களை நம்புதற்கு முன் ஓர் எச்சரிக்கை. மேல்தாடையின் முதற் கடைவாய்ப்பல்லில் முன்கன்ன வேர் என ஒன்றுண்டு. அதில் இரண்டாம் வழி ஒன்று மறைந்து கிடப்பது பிரசித்தம். வெயின் 1969 இல் 208 பற்களில் நூற்றுக்கு 51.5 இல் அதனைக் கண்டார். 1990 இல் நுணுக்குக்காட்டியின் துணைகொண்டு நோக்கிய வேறிருவர் நூற்றுக்கு 95.2 இல் கண்டனர். இடையே உள்ள இருபது ஆண்டுகளில் மனிதரின் பல் மாறவில்லை. மாறியது பார்க்கும் கருவியே. 2018 இல் உலகின் பல பகுதிகளிலும் கூம்புக்கற்றைக் கணினிப் படமுறையால் இவ்வழியை அளந்தபோது, வெனிசுவேலாவில் நூற்றுக்கு 48 எனவும் பெல்ஜியத்தில் நூற்றுக்கு 97.6 எனவும் பெறப்பட்டது. இவ்விடைவெளியில் எவ்வளவு மக்களினாலாயது, எவ்வளவு படத்தின் நுட்பத்தாலும் பார்ப்போரின் கண்ணாலும் ஆயது எனப் பிரித்தறிதல் எளிதன்று. வயதும் இதிற் கலக்கும். ஆண்டு செல்லச் செல்லப் பன்முதல் உட்புறமாகப் படிந்து வழியை ஒடுக்குமாதலால், இளைஞர் நிறைந்த ஒரு கூட்டத்தையும் முதியோர் நிறைந்த பிறிதொரு கூட்டத்தையும் ஒப்பிட்டு, அவ்வேற்றுமையைக் குலத்தின்மேல் ஏற்றுதல் முறையாகாது.

பழைய ஆய்வுகள் பலவும் மனித குலத்தை மொங்கோலியர், கொக்கேசியர், நீக்ரோவர் என மூன்றாகப் பகுத்து எண்களை நிரப்பின. அப்பகுப்பு இன்று விஞ்ஞானிகளாற் கைவிடப்பட்டது. பரம்பரையலகுகளின் வேறுபாடு நிலப்பரப்பில் மெல்ல மெல்ல மாறிச் செல்வது; வேலியிட்டுப் பிரித்த தோட்டம் போன்றதன்று. அன்றியும், இந்தியர் என்னும் ஒரு சொல்லினுள் நூறு கோடிக்கு மேற்பட்ட மக்கள் அடங்குவர். ஒரு நகரத்து மருத்துவமனைக்கு வந்த சில நூறு பேரின் பற்களைக் கொண்டு அவர்கள் அனைவருக்கும் ஓர் எண் கூறுவது, கிணறொன்றின் நீரைச் சுவைத்துக் குடாநாட்டு நீரெல்லாம் உவர் என்பதை ஒக்கும். ஆயினும் இக்காரணத்தால் வேறுபாடே இல்லை என்று கூறிவிடுதலும் பிழை. நூற்றுக்கு 44 க்கும் 6.8 க்கும் இடையே உள்ள தூரம் கருவியின் பிழையால் மாத்திரம் வந்ததாகாது.

எமது நாட்டுப் பற்களும் ஆராயப்படாமல் இல்லை. 2007 இலும் 2008 இலும் இலங்கையரின் நிலைப்பற்களின் வேர்களையும் உள்வழிகளையும் பற்றிய ஆய்வுகள் வெளிவந்தன. பின்னையது யப்பானியரின் பற்களோடு ஒப்பிட்டது. கீழ் முதற் கடைவாய்ப்பல்லின் மூன்றாம் வேரும், இரண்டாங் கடைவாய்ப்பல்லின் பிறைவழியும் இலங்கையரிடத்துச் சிறுபான்மையாகவே காணப்பட்டன. இந்தியரைப் பற்றி 2010 இல் வெளிவந்த ஆய்வும் பிறைவழி பத்திலொன்றுக்குக் குறைவு என்றே கூறுகின்றது. கிழக்காசியாவோடு நோக்க நமது வேர்கள் எளிமையுடையன எனலாம். இங்கே கற்ற வைத்தியர் சிங்கப்பூருக்கோ ஹொங்கொங்குக்கோ தொழில் செய்யச் சென்றால், தாம் கற்ற கணக்கை மாற்றிக்கொள்ளல் வேண்டும். அங்ஙனமே, யாழ்ப்பாணத்திலிருந்து சென்று ரொறன்ரோவிலே வாழ்வோர் ஒருவரின் பல்லை நோக்கும் வைத்தியருக்கும், அவர் எந்நாட்டவர் என்பது ஒரு குறிப்பு மாத்திரமே, விடையன்று.

ஏனெனில் நூற்றுக்கு மூன்று என்பது நூறு பேரைப் பற்றிய செய்தி. நாற்காலியில் அமர்ந்திருப்பவரோ ஒருவர். அவரது பல்லில் மூன்றாம் வேர் இருக்கும், அல்லது இராது. கணினிப் படக்கருவி எல்லா ஊர் மருத்துவமனைகளிலும் கிடைப்பதொன்றன்று. கிடைக்குமிடத்தும் அதன் செலவு எல்லாராலும் தாங்கத்தக்கதன்று. அத்தகைய இடங்களில் வைத்தியருக்குத் துணையாவது மச்சையறையின் தரையே. 2004 இல் கிராஸ்னர், ராங்கோ என்னும் இருவர் 500 பற்களின் மச்சையறைகளை வெட்டித் திறந்து ஆராய்ந்து, எந்நாட்டார் பல்லாயினும் பொருந்தத்தக்க சில நியதிகளைக் கூறினர். அறையின் தரை எப்பொழுதும் சுவரிலும் கருநிறமுடையது. வழிகளின் வாயில்கள் யாவும் தரையும் சுவரும் கூடுமிடத்தே அமைவன. வேர்கள் பிரியும்பொழுது உறையின் மடிப்புகள் கூடிய தடங்கள் தரையிலே கருங்கோடுகளாய் எஞ்சியிருக்கும். தரையைத் துப்புரவாகக் கழுவி, நல்ல ஒளியில் உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்கி, வாயில் எதுவும் இல்லை போலத் தோன்றும் இடத்திலும் ஒரு கோடு செல்லுமாயின், அதனைப் பின்தொடர்தல் வேண்டும். தேடிய வாயில் பெரும்பாலும் அக்கோட்டின் முடிவிலேயே இருக்கும்.